அருமையும் இன்றியமையாமையும்

சென்ற கிழமை பத்தாம் வகுப்பிலே பண்புப்பெயர்ப் புணர்ச்சி படிப்பித்துக்கொண்டிருந்தேன். அருமை என்னும் பண்புப்பெயர் உயிரோடு புணர்ந்தால் ஆருயிர். பொருளோடு புணர்ந்தால் அரும்பொருள். இவ்வாறு சொல்லிக்கொண்டு போகையிலே, பின்வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்தான்.

“ஐயா, அருமையும் மண்ணும் சேர்ந்தால் அருமண் தானே? பேப்பரிலை கிடக்குது. அதுக்காக நாடுகள் சண்டை பிடிக்குதாம். எங்கட மண்ணிலையும் அது இருக்குதோ?”

வகுப்புச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. புணர்ச்சி சரி என்று சொன்னேன். மற்றை வினாவுக்கு மறுநாள் விடை சொல்வேன் என்று தவணை வாங்கிக்கொண்டேன். இலக்கணம் படிப்பிக்கும் ஒருவன் கனிமங்களைப் பற்றி எழுதத் துணிந்தமைக்கு அந்தப் பையனே காரணன். பிழையிருப்பின் என்னுடையது, வினாவின் சிறப்பு அவனுடையது.

அருமண் என்பது ஒரு பொருளன்று. பதினேழு தனிமங்களின் கூட்டத்துக்கு வழங்கும் பொதுப்பெயர். 1787இல் சுவீடன் தேசத்து இற்றர்பி என்னும் சிற்றூரிலே, கல்லகழ்ந்த கிடங்கொன்றில் ஒரு கருங்கல் கிடைத்தது. அந்தக் கல்லை ஆராயப் புகுந்தோர் ஒன்றன்பின் ஒன்றாகப் புதிய தனிமங்களைக் கண்டனர். இற்றியம், இற்றர்பியம், தேர்பியம், ஏர்பியம் என்னும் நான்கும் அச்சிற்றூரின் பெயரைத் தாங்கியவை. நமது பகுதியும் கல்லகழ்ந்த பகுதியே. ஆயினும், தெல்லிப்பழையின் பெயரைத் தனிமம் ஒன்றும் தாங்கவில்லை. அதனால் நமக்குக் குறைவில்லை என்பதைப் பின்னர்ச் சொல்லுவேன்.

இந்த அருமண்கள் உண்மையில் அரியவையல்ல. அவற்றுள் ஒன்றாகிய சீரியம், நிலவோட்டிலே செம்புக்கு நிகராகக் கிடப்பது. பின்னர் ஏன் அருமண் என்றனர்? இங்கேதான் நமது மொழி உதவிக்கு வருகின்றது. அருமை என்னும் சொல்லுக்குத் தமிழிலே இரண்டு பொருளுண்டு. கிடைத்தற்கு அரியதும் அரிது. செய்தற்கு அரியதும் அரிது. அருமண்கள் கிடைத்தற்கு அரியன அல்ல, பிரித்தற்கு அரியன. பதினேழும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் போல ஒத்த குணமுடையவை. ஒன்றையொன்று விட்டுப் பிரியமாட்டா. அமிலங்களிலும் கரைப்பான்களிலும் நூற்றுக்கணக்கான முறை இட்டெடுத்தே ஒவ்வொன்றையும் தனியாக்க வேண்டும். அந்த வேலை செலவுமிக்கது, பொறுமை வேண்டுவது, அழுக்கும் நஞ்சும் நிறைந்தது. பெரும்பாலும் தோரியமும் கூடவே வருவதனாற் கதிர்வீச்சுக் கழிவும் சேரும்.

இவ்வளவு பாடுபட்டுப் பிரிப்பது எதற்கு? நியோடிமியம் சேர்ந்த காந்தம், சாதாரணக் காந்தத்தினும் பன்மடங்கு வலியது. மின்கார், காற்றாலை, கைத்தொலைபேசி, போர்விமானம், ஏவுகணை ஆகிய எல்லாவற்றிலும் அருமண் காந்தம் இருக்கின்றது. அளவோ மிகச் சிறிது. கறிக்கு உப்பைப் போல என்று சொல்லலாம்: அளவிற் சிறிது, இல்லாவிட்டாற் கறியே இல்லை.

ஒரு காலத்திலே அமெரிக்காவின் கலிபோர்ணியாவிலுள்ள மவுண்டன் பாஸ் என்னும் சுரங்கமே உலகுக்கு அருமண் வழங்கியது. பின்பு சீன தேசம் மலிவாகச் செய்து கொடுத்தது. உள்மொங்கோலியாவின் பயான் ஓபோவில் அகழ்ந்து, பாவுத்தோ நகரத்திற் பிரித்தார்கள். அந்நகரின் அருகே கழிவுநீர் தேங்கி ஓர் ஏரியாயிற்று. மேலைத்தேயத்தார், அழுக்கு அங்கே கிடக்க, பொருள் இங்கே வந்தாற் போதும் என்று மகிழ்ந்திருந்தனர். 2002இல் மவுண்டன் பாஸ் மூடப்பட்டது. மீண்டும் முறையாக இயங்கப் பல ஆண்டுகள் சென்றன. இன்று அகழ்தலிற் சீனாவின் பங்கு பாதிக்கு மேல். பிரித்துச் சுத்தி செய்தலிலோ பத்தில் ஏறத்தாழ ஒன்பது பங்கு. இந்த இரண்டு கணக்குக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை வாசகர்கள் கவனிக்க வேண்டும். வலிமை மண்ணில் இல்லை. பிரிக்கும் கையில் இருக்கின்றது.

அந்தக் கை மூடினால் என்ன நேரும் என்பதை உலகம் இருமுறை கண்டது. 2010 செப்டெம்பரிலே, செங்காகு தீவுகளின் அருகில் ஒரு சீன மீன்பிடிக் கலம் யப்பானியக் காவற்கலங்களோடு மோதியது. கலத்தலைவனை யப்பான் தடுத்துவைத்தது. அதன்பின் யப்பானுக்குப் போக வேண்டிய அருமண் வாரக்கணக்கில் வரவில்லை. 2025 ஏப்பிரலிலே, அமெரிக்கா விதித்த தீர்வைக்கு மறுமொழியாக, ஏழு அருமண்களுக்கு ஏற்றுமதி அனுமதிப் பத்திரம் வேண்டும் என்று சீனா விதித்தது. சில கிழமைகளுக்குள்ளே அமெரிக்காவிலும் யப்பானிலும் சில கார்த் தொழிற்சாலைகள் வேலையை நிறுத்திவைத்தன. ஒரு குண்டும் வெடிக்கவில்லை. ஒரு கப்பலும் மறிக்கப்படவில்லை. ஒரு காகிதத்திற் கையெழுத்து விழவில்லை, அவ்வளவே.

பட்டினப்பாலை படித்தவர்களுக்கு இது புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத்தார், ஏறுவதும் இறங்குவதுமாகிய பண்டங்களிலே சோழனின் புலி முத்திரையைப் பொறித்த பின்னரே போகவிட்டனர் என்று அந்நூல் சொல்கின்றது. முத்திரை இல்லாத மூடை பண்டசாலையை விட்டு நகராது. இரண்டாயிரம் ஆண்டுக்குப் பின்னும் உலக வாணிகம் முத்திரையின் கீழேயே நடக்கின்றது. முத்திரை பொறிப்பவன் மாத்திரமே மாறியிருக்கின்றான்.

சுரங்கத்திலிருந்து கடைவரையுள்ள இந்த ஏற்பாட்டை வழங்கற் சங்கிலி என்று இக்காலத்தார் பெயரிட்டிருக்கின்றனர். நல்ல பெயர். சங்கிலி கழுத்திலும் கிடக்கும், காலிலும் கிடக்கும். யாருடைய கழுத்தில், யாருடைய காலில் என்பதே கேள்வி. கொங்கோ நாடு உலகத்தின் கோபாற்றில் பத்தில் ஏழு பங்குக்கு மேல் அகழ்கின்றது. அங்கே சிறுவர்களும் குழியில் இறங்குகின்றனர். அந்தக் கோபாற்றின் பெரும்பகுதி சீனாவிலே சுத்தியாகின்றது. கழுத்து ஓரிடம், கால் வேறிடம்.

இதெல்லாம் தூரதேசத்துக் கதை என்று நாம் இருந்துவிடலாமா? ஆகாது. இலங்கை இந்தச் சங்கிலியில் நூறாண்டுக்கு மேலாகக் கிடந்த நாடு.

காரீயம் என்று நாம் வழங்கும் பென்சிற்கரியை எடுத்துக்கொள்வோம். இலங்கைக் காரீயம் நரம்பு நரம்பாகப் பாறையில் ஓடுவது. இயல்பாகவே மிகத் தூயது. நம் தட்டார் பொன்னுருக்கும் மூசையைக் கண்டிருப்பீர்கள். உருக்கும் பித்தளையும் உருக்குவதற்குப் பெரிய மூசைகள் வேண்டும். அவற்றுக்கு நம் காரீயத்துக்கு நிகரானது அக்காலத்தில் இல்லை. கொழும்பிலே கப்பலேறிய காரீயம் இலண்டனிலும் அமெரிக்காவின் ஜேர்சி நகரிலும் மூசையாயிற்று. முதல் மகாயுத்த காலத்திலே ஆண்டொன்றுக்கு முப்பதினாயிரம் தொன்னுக்கு மேல் ஏற்றுமதியானதும் உண்டு. இலங்கையின் முதற் பிரதமர் டி. எஸ். சேனநாயக்காவின் குடும்பச் செல்வமும் பெரிதும் காரீயத்தால் வந்ததே. யுத்தம் முடிந்தது, மடகஸ்காரிலிருந்து மலிந்த காரீயம் வந்தது, விலை விழுந்தது, பல சுரங்கங்கள் மூடுண்டன. போகலவும் கஹட்டகஹவும் இன்றும் இருக்கின்றன. ஆயினும், காரீயத்தின் காலம் வந்தபோது மூசை செய்யும் ஆலை இங்கே எழவில்லை. அகழ்ந்தோம், தரம் பிரித்தோம், பீப்பாவில் அடைத்தோம், அனுப்பினோம். இப்பொழுது காரீயத்துக்கு மறுபடியும் யோகம் அடித்திருக்கின்றது. மின்காரின் மின்கலத்திலே ஒரு முனை காரீயத்தால் ஆனது. 2023 டிசெம்பர் முதல் சீனா காரீயத்துக்கும் அனுமதிப் பத்திரம் கேட்டது. உலகம் காரீயத்தைத் தேடுகின்றது. நாம் மறுபடியும் பீப்பாவைத் தேடலாமா என்பதே வினா.

இன்னொன்று சொல்வேன். ஆனந்த குமாரசுவாமி என்றால் நடராச வடிவத்தின் தத்துவத்தை மேலைநாட்டார்க்கு விளக்கியவர் என்று எல்லாரும் அறிவர். சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தராகிய அவர், முதலில் நிலவியல் அறிஞர் என்பதைப் பலர் அறியார். இலங்கைக் கனிய ஆய்வுத் துறையின் தலைவராக அவர் இருந்தகாலை, 1904இல், சப்பிரகமுவப் பகுதியிலே கரிய கனமான ஒரு புதிய கனிமத்தைக் கண்டார். தோரியம் நிறைந்தமையால் அதற்குத் தோரியனைட்டு என்று இலண்டனிலே பெயரிட்டனர். தோரியம் அக்காலத்திலே வாயுவிளக்கு மாந்தலுக்கு வேண்டியிருந்தது. ஐரோப்பாவின் வீதிகளெல்லாம் அந்த வெளிச்சத்தில் நின்றன. நாம் கோயிற்றிருவிழாக்களிலே கண்ட பெற்றோமக்ஸ் மாந்தலும் அந்த இனத்ததே.

சில ஆண்டுகள் கழித்து, 1909இல், சோம்பேர்க் என்னும் ஜேர்மானிய இரசாயனர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றிலே ஒட்டிக்கிடந்த மணலைக் கண்டார். அது மொனசைட்டு, தோரியமும் அருமண்களும் உடையது. கயிறு வந்த வழியே திரும்பி நடந்து, குமரிக் கரையின் மணவாளக்குறிச்சியை அடைந்தார். கயிறு விற்றவருக்கு மணலின் விலை தெரியாது. கயிறு வாங்கியவருக்கு அது தெரிந்தது. அருங்கனிமத்தின் அரசியல் முழுவதும் இந்த ஒரு நிகழ்ச்சியில் அடங்கியிருக்கின்றது.

அதே மணலை முன்னிட்டு 1951இல் ஒரு பேரம் நடந்தது. இந்தியா உணவுத் தட்டுப்பாட்டால் அமெரிக்காவிடம் கோதுமை கேட்டது. அணுச்சக்தியின் காலம் தொடங்கிவிட்டதாதலின், கோதுமைக்குப் பதிலாக மொனசைட்டைத் தரவேண்டும் என்ற குரல் அமெரிக்க காங்கிரசிலே எழுந்தது. நேரு இசையவில்லை. கோதுமை, 190 மில்லியன் டொலர் கடனாக வந்தது. பசித்திருப்பவனிடம் பேரம் பேசுவது எளிது. பசித்திருக்கையிலும் எதை விற்கலாகாது என்று அறிந்திருப்பது அரிது.

நம்முடைய புல்மோட்டை மணலையும் நினைக்க வேண்டும். திருகோணமலைக்கு வடக்கே, கடல் ஒவ்வொரு மாரியிலும் கொண்டுவந்து குவிக்கும் கருமணலில் இல்மனைட்டும் உருத்தைலும் சேர்க்கோனும் உள்ளன. சிறிதளவு மொனசைட்டும் உண்டு. அரசு 1957இலே அதற்கென்று ஒரு கூட்டுத்தாபனம் அமைத்தது. இல்மனைட்டிலிருந்து வருவது வண்ணப்பூச்சின் வெண்மை, விமானத்தின் தைத்தேனியம். அறுபது ஆண்டுக்கு மேலாகியும் நாம் பெரும்பாலும் மணலை மணலாகவே விற்கின்றோம். சுவருக்குப் பூசும் வெண்மையை மீண்டும் பேணி பேணியாக வாங்குகின்றோம். இப்பொழுது மன்னார்த் தீவின் மணலிலும் ஓர் அவுஸ்திரேலிய நிறுவனம் கண்வைத்திருக்கின்றது. தீவினர் வேண்டாம் என்று வீதிக்கு வந்திருக்கின்றனர்.

இதுவரை சொன்னவற்றைக் கேட்டவர், ‘அப்படியாயின் மண்ணை மண்ணாக விற்காமல் இங்கேயே ஆலை வைத்துப் பதம்பண்ணி விற்பதே வழி’ என்பர். பொருளியல் கற்றோர் பலரின் விடையும் அதுவே. இந்தோனேசியா 2020இல் நிக்கல் தாதின் ஏற்றுமதியை நிறுத்தி, ஆலைகளைத் தன் மண்ணுக்கு வரச்செய்ததை அவர்கள் எடுத்துக்காட்டுவர். அது பாதி உண்மை. மறுபாதியைச் சொல்லுவதற்கு எனக்கு இந்தோனேசியா வேண்டியதில்லை. என் ஊரே போதும்.

தெல்லிப்பழையிலிருந்து வடக்கே நடந்தால் மாவிட்டபுரம்; அப்பால் காங்கேசன்துறை. 1950இல் அங்கே சீமெந்தாலை தொழிற்படத் தொடங்கியது. கைத்தொழில் அமைச்சராயிருந்த ஜி. ஜி. பொன்னம்பலத்தின் காலத்து வேலை அது. கல் இங்கே, களி மன்னார்ப் பகுதி முருங்கனிலிருந்து வந்தது, சூளை இங்கே, சீமெந்தும் இங்கே. கல்லைக் கல்லாக விற்கவில்லை. நம் கையாலேயே பதம்பண்ணினோம். மேலே நான் வேண்டிய யாவும் இங்கே நடந்தன. அதனால் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பிழைத்தன, பிள்ளைகள் படித்தனர். ஆலைச் சங்கு கேட்டு மணிக்கூட்டைச் சரிசெய்தவர்கள் எங்கள் ஊரில் இருந்தனர். எனது இளமையிலும் அந்தச் சங்கின் ஒலி ஒரு நம்பிக்கையாக இருந்தது. இதை மறைத்துப் பேசுதல் நன்றி மறத்தலாகும்.

1990இலே யுத்தம் மீண்டும் மூண்டது, ஆலை ஓய்ந்தது. நாங்களும் ஊரைவிட்டுப் புறப்பட்டோம். உயர் பாதுகாப்பு வலயம் என்ற பெயருக்குள் ஊர் பல ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்தது. காணிகள் சிறிது சிறிதாக விடுபடத் திரும்பி வந்து பார்த்தவர்கள், இடிந்த வீடுகளை மாத்திரம் காணவில்லை. கல்லெடுத்த கிடங்குகளையும் கண்டனர். வீட்டைத் திரும்பக் கட்டலாம், கட்டியும் இருக்கின்றோம். கிடங்கை எதனால் நிரப்புவது?

கிடங்கு என்றால் வெறும் பள்ளம் என்று வெளியூரார் எண்ணுவர். யாழ்ப்பாணத்திலே அப்படியன்று. இந்தக் குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. எங்கள் பக்கத்தில் தோன்றி அராலியிலே கடலோடு கலக்கும் வழுக்கியாறும் மாரிக்கு மாத்திரம் ஓடுவது. நாம் குடிப்பதும், தோட்டத்துக்கு இறைப்பதும், நீராடுவதும் நிலத்தடி நீர். அந்த நீரை வைத்திருக்கும் பாத்திரம் எது? சுண்ணக்கல். மாரிமழை மண்ணில் இறங்கி, சுண்ணக்கல்லின் வெடிப்பிலும் பொந்திலும் தங்குகின்றது. கீழே கடலின் உவர்நீர். அதன்மேலே நன்னீர் மிதக்கின்றது. உவர்நீர் சற்றுக் கனமானதாதலின் இரண்டும் கலவாமல் நிற்கின்றன. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடி வரை நன்னீர் நிற்கும் என்பது நிலநீர் நூலாரின் பொதுக்கணக்கு. அதை மறுதலையாகப் படியுங்கள்: மேலே ஓரடி குறைந்தால், கீழே நாற்பதடி உவர் ஏறும். இவ்வளவு நுண்ணிய துலாக்கோலின் மேலே நாம் குடியிருக்கின்றோம்.

கீரிமலையிலே கடலின் ஓரத்தில் நன்னீர் ஊறுவது இதனாலே. நிலாவரைக் கிணறு அடிகாணாததாய் நிற்பதும் இதனாலே. சுன்னாகத்திலே மின்நிலையத்துக் கழிவெண்ணெய் நிலத்தில் இறங்கியபோது, சுற்றுவட்டாரத்துக் கிணறுகள் பலவற்றிலே 2014ஆம் ஆண்டளவில் எண்ணெய் காணப்பட்டதும் இதனாலேயே. சுண்ணக்கல்லிலே ஓரிடத்தில் இட்டது அவ்விடத்தில் நில்லாது. கல்லை நீர்மட்டம் வரை அகழ்ந்தால், மூடியிருந்த பாத்திரத்தைத் திறந்துவைத்தவர்கள் ஆவோம்: வெயில் குடிக்கும், குப்பை விழும், கரையோரமாயின் கடலும் உள்ளே வரும். நாம் சீமெந்து செய்தது கல்லைக் கொண்டு மாத்திரமன்று. தண்ணீர்ப் பானையின் ஓட்டைக் கொண்டும்.

இப்பொழுது தலைப்பின் இரண்டாவது சொல்லுக்கு வருவோம். வல்லரசுகள் தத்தமக்கு இன்றியமையாத கனிமங்கள் என்று பட்டியல் வெளியிடுகின்றன. அமெரிக்கா 2018இலே 35 கனிமங்களை எழுதியது; 2022இல் அது 50 ஆயிற்று. ஐரோப்பிய ஒன்றியம் 2023இலே 34 எழுதியது; இந்தியா அதே ஆண்டில் 30 எழுதியது. இந்தப் பட்டியல்களிலே லிதியம் உண்டு, கோபாற்று உண்டு, காரீயம் உண்டு, அருமண் உண்டு. சுண்ணக்கல் ஒன்றிலும் இல்லை. இருக்கவும் நியாயமில்லை, உலகமெங்கும் மலிந்து கிடக்கும் கல் அது. ஆனால், இன்றியமையாமை என்பது பொருளின் குணமன்று. பொருளுக்கும் அதனை வேண்டுவோர்க்கும் இடையிலுள்ள உறவு. யாருக்கு இன்றியமையாதது என்ற வினாவை எழுப்பாமல் அந்தச் சொல்லை வழங்குதல் இலக்கணப் பிழை. அரசியலிலோ பெரும் பிழை. வாஷிங்டனுக்கு இன்றியமையாதது தேர்பியமாகுக. தெல்லிப்பழைக்கு இன்றியமையாத கனிமம் சுண்ணக்கல்லே, அதுவும் அகழாத சுண்ணக்கல்.

வள்ளுவர் கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரத்தை மழைக்குக் கொடுத்தார். ‘நாடு’ என்னும் அதிகாரத்திலே நாட்டுக்கு உறுப்பானவற்றை எண்ணும்போதும் நீரையே முன்வைத்தார். அங்கே பரிமேலழகர், மேலே கிடக்கும் நீரோடு நிலத்தின் கீழே கிடக்கும் நீரையும் கூட்டியே உரை காண்கின்றார். வற்றாத ஆறில்லாத நாட்டிலே வாழும் நமக்கு அந்த உரையின் அருமை நன்றாகத் தெரியும். உறுப்பை விற்றுப் பிழைப்பவன் எவ்வளவு காலம் பிழைப்பான்?

இவ்வாறு சிந்திப்பது பழைமைப் பித்து என்று சிலர் சொல்லலாம். அண்மையில் நடந்த ஒன்றைச் சொல்லுகின்றேன். மதுரை மாவட்டத்து மேலூர்ப் பக்கத்திலே அரிட்டாபட்டி என்னும் ஊர் உண்டு. பழந்தமிழி எழுத்திற் பொறித்த கல்வெட்டுகளும் சமண முனிவர் இருந்த குகைத்தளமும் அங்கே உள்ளன. தமிழ்நாட்டு அரசு 2022இலே அதனைப் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தது. அந்தப் பகுதியையும் உள்ளடக்கிய ஈராயிரம் எக்டேருக்கு மேற்பட்ட நிலம், தங்குதன் என்னும் இன்றியமையாக் கனிமத்துக்காக 2024 நவம்பரிலே ஏலத்தில் விடப்பட்டது. ஊரார் எழுந்தனர். டிசெம்பரிலே தமிழ்நாட்டுச் சட்டசபை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 சனவரி 23ஆம் நாள் ஒன்றிய அரசு ஏலத்தை இரத்துச் செய்தது. தங்குதன் தில்லிக்கு இன்றியமையாதது. மலையும் சுனையும் மேலூராருக்கு இன்றியமையாதவை. இம்முறை மேலூரார் வென்றனர்.

நமது தீவிலும் ஒரு முன்மாதிரி உண்டு. அனுராதபுர மாவட்டத்து எப்பாவலையிலே பொசுபேற்றுப் பாறை உண்டு. அதனை ஓர் அமெரிக்க நிறுவனத்துக்குக் குத்தகையாகக் கொடுக்க அரசு முனைந்தபோது, அவ்வூர் விவசாயிகளும் ஒரு பிக்குவும் உயர்நீதிமன்றத்துக்குச் சென்றனர். பழைய குளங்களும் வாய்க்கால்களும், இனி வரும் தலைமுறையின் உரிமையும் அங்கே பேசப்பட்டன. 2000ஆம் ஆண்டிலே நீதிமன்றம் அந்த ஏற்பாட்டைத் தடுத்தது. நாட்டின் செல்வத்தை அரசு வைத்திருப்பது உடைமையாளனாக அன்று. மக்களின் பொருட்டுக் காப்பவனாக என்பது அத்தீர்ப்பின் சாரம். சிங்களக் கிராமத்தார் பெற்ற அந்தத் தீர்ப்பின் நிழல் யாழ்ப்பாணத்துக் கிணற்றுக்கும் உரியது என்பதை நாம் மறக்கலாகாது.

நான் கைத்தொழிலுக்கு விரோதியல்லேன். விற்பதற்கும் விரோதியல்லேன். எனது வீட்டுச் சுவரிலும் சீமெந்து உண்டு. எனது சட்டைப்பையிலும் கொங்கோவின் கோபாற்றைக் கொண்ட கைத்தொலைபேசி உண்டு. ஊர் சுத்தமாக இருக்கப் பிறனூர் குழியாகட்டும் என்று சொல்லுவது அறமன்று என்பதும் தெரியும். அமெரிக்கரும் அழுக்கை அப்படித்தான் பாவுத்தோவுக்கு அனுப்பினர். அதன் விலையை இன்று கொடுக்கின்றனர். ஆதலின், ஒன்றும் வேண்டாம் என்பது என் கட்சியன்று. வரிசை வேண்டும் என்பதே என் கட்சி.

முதலாவது, எமக்கு எது இன்றியமையாதது என்பதை நாம் எழுதவேண்டும். வல்லரசுகள் எழுதுவது போல நமது மாகாணத்துக்கும் ஒரு பட்டியல் வேண்டும்; அதிலே முதலில் நிற்க வேண்டியது நிலத்தடி நீரும் அதைத் தாங்கும் கல்லும். இரண்டாவது, அந்தப் பட்டியலுக்குப் புறம்பாக உள்ளதை விற்கலாம். ஆனால், புல்மோட்டை மணலானாலும் போகலக் காரீயமானாலும் பதம்பண்ணும் வித்தையை உடன்கேட்டே விற்க வேண்டும். மூன்றாவது, தோண்டியவர் கிடங்கை என்ன செய்வார் என்பதைத் தோண்டுமுன் எழுதி வாங்கவேண்டும்.

இவ்வளவு சிறிய நாடு வல்லரசுகளோடு பேரம் பேசமுடியுமா என்று கேட்பவர்க்கு 1952ஐ நினைவூட்டுவேன். கொரிய யுத்த காலம். இறப்பர் போருக்கு வேண்டிய பொருள். சீனாவுக்கு அதை விற்கலாகாது என்று அமெரிக்கா தடுத்திருந்தது. இலங்கைக்கோ அரிசி இல்லை. அவ்வாண்டு டிசெம்பரிலே இலங்கை சீனாவோடு இறப்பர் – அரிசி உடன்படிக்கை செய்தது: ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பர் கொடுத்து, 270,000 தொன் அரிசி பெறுவது. அமெரிக்க உதவி நின்றது, அரிசி வந்தது. தன் பொருள் யாருக்கு இன்றியமையாதது என்பதையும், தனக்கு எது இன்றியமையாதது என்பதையும் அறிந்தவர் செய்த பேரம் அது. பேரத்திலே நிறையைவிட அறிவு பெரிது.

காங்கேசன்துறையிலே ஆலையை மீண்டும் திறக்கவேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது எழுகின்றது. கல்லை அகழ்ந்து லொறியிலே வெளிமாவட்டத்துக்கு ஏற்றுவது பற்றிய முறைப்பாடுகளும் அண்மைக்காலத்தில் வந்தன. ஆலையைப் பற்றிப் பேசுவோம். பிற இடத்துக் கிளிங்கரைத் துறைமுகத்தில் இறக்கி அரைப்பதாயின், அதனையும் ஆராய்வோம். ஆனால், இன்னொரு கிடங்குக்கு இசைவதற்கு முன், உன் வீட்டுக் கிணற்றை ஒருமுறை எட்டிப்பார் என்று மாத்திரம் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்வேன்.

மறுநாள் வகுப்புக்குச் சென்றேன். அந்த மாணவன் விடைக்குக் காத்திருந்தான்.

“அருமண் எங்கட மண்ணிலை பெரிசா இல்லை, தம்பி” என்றேன். அவன் முகம் சுருங்கியது. “ஆனா, அதைவிட அருமையான ஒண்டுக்கு மேலைதான் நீ இப்ப இருக்கிறாய்” என்றேன்.

அவன் வாங்கிலிலிருந்து எழுந்து கீழே பார்த்தான். வகுப்பு மறுபடியும் சிரித்தது. இம்முறை நானும் சிரித்தேன். பின்பு எல்லாரையும் கூட்டிக்கொண்டு பாடசாலைக் கிணற்றடிக்குப் போனேன். அன்றைய இலக்கண பாடம் அங்கேதான் நடந்தது.